கிளாசிக் 350: புது பெண்ட் பைப் பிரேக் பெடலில் முட்டுகிறது, சைலன்சர் ஓட்டையும் சேரவில்லை

திண்டுக்கல்_கிளாசிக்:

வணக்கம். என்னுடையது 2014 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, கார்புரேட்டர் வண்டி, பின்னால் டிரம் பிரேக். பழைய பெண்ட் பைப்பின் (எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) அடிப்பக்கம் துருப்பிடித்து, கிளாம்ப் உட்காரும் இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டதால் மாற்ற வேண்டியதாகிவிட்டது. கம்பெனி பைப் கையிருப்பில் இல்லை, வர நாளாகும் என்றார்கள். அதனால் "அதே அளவுதான் சார், அப்படியே உட்காரும்" என்று ஒரு கடையில் கொடுத்த வெளிப் பைப்பை (வேறு தயாரிப்பு) வாங்கி, பக்கத்துப் பட்டறையில் கொடுத்து மாட்டினேன். சைலன்சர் பழையதுதான், ஒரிஜினல்.

மாட்டும்போதே அது அப்படியே உட்காரவில்லை. எஞ்சின் ஹெட்டில் இரண்டு நட்டையும் இறுக்கிய பிறகு பார்த்தால், சைலன்சரின் பின் பிராக்கெட் ஓட்டையும் வண்டிப் பக்கத்து ஓட்டையும் ஒரு விரல் அகலம் தள்ளி நிற்கின்றன. மெக்கானிக் ராடை விட்டு நெம்பிப் பிடிக்க, உதவிக்கு இருந்த பையன் போல்ட்டைத் தட்டி ஏற்றி முறுக்கிவிட்டான். "ஓட ஓட செட் ஆயிடும்" என்றார்கள்.

செட் ஆகவில்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் ஹெட் பக்கம் டிக் டிக் என்று சத்தம், கொஞ்சம் சூடானதும் குறைந்துவிடுகிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. இவற்றைவிட எனக்கு அதிகம் கவலை தருவது பிரேக் பெடல்தான். முழுசாக மிதித்தால் பெடலின் கீழ்ப்பக்கம் பைப்பில் படுகிறது, பைப்பில் குரோம் உரசி ஒரு கோடே விழுந்துவிட்டது. அப்புறம், பின்னால் ஆள் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் எங்கோ "டங்" என்று ஒரு சத்தம். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் அடிக்கடி போகிறவன் நான், இப்படியே மலை ஏற மனசு வரவில்லை.

பைப்பை கேஸ் வைத்துச் சூடு பண்ணி வளைத்துவிடலாமா? வாஷர் கொடுத்துச் சரிசெய்யலாமா? இல்லை, தூக்கிப் போட்டுவிட்டு ஒரிஜினலுக்கே காத்திருப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_ரைடர்:

ப்ரோ, முதலில் ஒரு கேள்வி. ஹெட்டும் பைப்பும் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் பேக்கிங் ரிங் புதுசு போட்டார்களா, பழையதைக் கழற்றினார்களா? நிறைய இடத்தில் பழைய ரிங் போர்ட்டுக்குள்ளேயே (ஹெட்டில் புகை வெளியேறும் வாய்) நசுங்கி ஒட்டிக் கிடக்கும், கரி படிந்து ஹெட்டோடு ஹெட்டாகவே தெரியும். அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புது ரிங்கை வைத்து முறுக்கிவிடுவார்கள். அப்படி ஆகியிருந்தால் நீங்கள் சொல்கிற எல்லாமே அதிலிருந்தே வரலாம். மற்றபடி பிரேக் பெடல் விஷயத்தைச் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள், அது மட்டும் விளையாட்டு இல்லை.

பீளமேடு_லேத்:

தம்பி, மேலே மதுரைக்காரர் கேட்டது சரியான கேள்வி. நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், வெளிப் பைப், வெளி சைலன்சர் பொருந்தாமல் வருகிற வண்டி எங்களுக்குத் தினசரி வேலை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு சைலன்சர், பெண்ட் பைப் இரண்டையும் முழுசாகக் கழற்றி இறக்குங்கள். நெம்பி ஏற்றிய போல்ட்டை முதலில் கழற்றும்போது சைலன்சர் எந்தப் பக்கம் துள்ளி நகர்கிறது என்று கவனியுங்கள். அது மேலே துள்ளினால் ஒரு காரணம், வெளிப்பக்கம் துள்ளினால் வேறு காரணம். பைப்புக்குள் எந்தத் திசையில் இழுவை ஏறியிருக்கிறது என்பதை அந்த ஒரு நொடி காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து டார்ச் அடித்து எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் பாருங்கள். பழைய ரிங் இருந்தால் ஒரு ஓரத்தில் சின்ன ஸ்குரூ டிரைவர் முனையை வைத்து மெதுவாக உள்பக்கமாக மடக்கினால் கழன்று வரும். ஹெட் அலுமினியம், அதனால் உளி, சுத்தியல் எதுவும் கிட்டே போகக் கூடாது. ரிங் உட்காரும் விளிம்பில் கீறல் விழுந்தால் அப்புறம் எத்தனை புது ரிங் போட்டாலும் ஒழுகும். இரண்டு ரிங் இருந்தால் ஏன் இவ்வளவு தொல்லை என்றால், பழைய ரிங் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் நசுங்கியிருக்கும், புது ரிங் அதன் மேல் சாய்வாக உட்காரும், பைப்பும் அதே சாய்வில் கிளம்பும். ஹெட்டில் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் அங்கிருந்து 1.2 மீட்டர் தள்ளி இருக்கும் பின் பிராக்கெட்டில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் விலகும். நீங்கள் சொன்ன ஒரு விரல் அகலம் அதற்குள் அடங்கிவிடும்.

இப்போது மாட்டும் முறை. புது ரிங்கில் லேசாக கிரீஸ் தடவி போர்ட்டில் ஒட்டவையுங்கள், கீழே விழாமல் நிற்கும். பைப்பை வைத்து ஹெட் நட் இரண்டையும் கையால் மட்டும் ஏற்றுங்கள், பைப் ஆட வேண்டும். நடு பிராக்கெட் போல்ட்டைக் கையால் போடுங்கள். கிளாம்பைத் தளர்வாக மாட்டி சைலன்சரைச் செருகி, பின் போல்ட்டையும் கையாலேயே போட்டுப் பாருங்கள். எல்லா போல்ட்டும் ஸ்பானர் இல்லாமல் விரலால் சுற்றி உள்ளே போனால்தான் பைப் பொருந்தியிருக்கிறது என்று அர்த்தம். பொருந்தாத பைப்பை இழுத்து உட்காரவைக்கும் வேலையை எந்த போல்ட்டுக்கும் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுத்தால் அந்த இழுவை முழுக்க நடு பிராக்கெட்டின் வெல்டிங்கிலும், ஹெட்டில் நட் ஏறும் ஸ்டட்டிலும்தான் போய் நிற்கும், எஞ்சின் அதிர்வும் சேர்ந்து ஒரு நாள் ஏதாவது ஒன்று விடும்.

கையால் போனபின் முதலில் ஹெட் நட். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகாமல், இதில் அரைச் சுற்று அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி வாருங்கள். பைப் முனையின் ஃபிளேஞ்சுக்கும் (நட் ஏறும் தகடு) ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பிறகு நடு பிராக்கெட், கிளாம்ப், கடைசியாகப் பின் போல்ட்.

இவ்வளவுக்குப் பிறகும் பின் ஓட்டை சேராவிட்டால் எந்தப் பக்கம் விலகுகிறது என்பதை வைத்துத்தான் வைத்தியம். வண்டிக்கும் சைலன்சருக்கும் நடுவே பக்கவாட்டில் இடைவெளி இருந்தால் ஸ்பேசர். நாலைந்து வாஷரை அடுக்காதீர்கள், அதிர்வில் ஒன்றோடொன்று தேய்ந்து போல்ட் லூசாகிவிடும். இடைவெளியை அளந்து கொடுத்தால் லேத்தில் ஒரே துண்டாகக் கடைந்து தருவார்கள், பெரிய செலவில்லை. மேலே கீழே விலகினால் பிராக்கெட் ஓட்டையை உருண்டை அரத்தால் 3, 4 மில்லிமீட்டர் வரை நீளமாக்கி, தடித்த வாஷர் வைத்து முறுக்கலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் பிராக்கெட்டையே அறுத்து சரியான இடத்தில் வெல்டு வைப்பதுதான் நல்லது. முன்னே பின்னே விலகினால் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் உள்ளே வெளியே நகர்த்திக்கொள்ளலாம், ஆனால் முக்கால் இன்ச்சாவது உள்ளே போயிருக்க வேண்டும்.

சூடு பண்ணி வளைப்பது பற்றிக் கேட்டீர்கள். மணல் நிரப்பாமல் சும்மா கேஸ் காட்டி வளைத்தால் உள் வளைவு ஒடுங்கிவிடும், குரோமும் உரியும். பிராக்கெட் தகட்டைச் சூடாக்கி லேசாகத் திருப்புவதற்குச் சம்மதம், பைப்பை வளைப்பதற்கு இல்லை. வெல்டு வைக்கும் இடத்தில் குரோமை முழுசாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். குரோம் மேல் வெல்டு வைத்தால் வரும் புகை உடம்புக்கு ரொம்பக் கெடுதல், வெல்டும் பிடிக்காது. முழு வெல்டையும் பைப்பை வண்டியிலிருந்து இறக்கி வைத்துத்தான் செய்ய வேண்டும். இடம் குறிக்க ஒரு பொட்டு மட்டும் வண்டியில் வைத்தே அடிக்க வேண்டி வந்தால், டேங்கை இறக்கி தூரத்தில் வைத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளிப்பை பைப்பிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

ரப்பர் புஷ் இருக்கும் இடத்தில் புஷ்ஷுக்குள் ஒரு இரும்புக் குழாய் இருக்கும், பழசைக் கழற்றும்போது அது தொலைந்துவிடும், யாரும் தேட மாட்டார்கள். அது இல்லாமல் முறுக்கினால் ரப்பர் நசுங்கிக் கல் மாதிரி ஆகிவிடும். அந்த ரப்பர் வேலை செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் சூட்டில் பைப் நீளும். சாதா இரும்பில் 1 மீட்டர் நீளத்துக்கு 300 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர், ஸ்டெயின்லெஸ் என்றால் 5 மில்லிமீட்டர். அதனால்தான் குளிர்ந்தபோது நூல் இழை இடைவெளியில் தப்பிக்கும் பைப் ஓடும்போது போய் முட்டுகிறது. ஆடும் பாகத்துக்கும் பைப்புக்கும் நடுவில் சுண்டுவிரல் தடிமனாவது காலியாக விடுங்கள்.

ஒரகடம்_ஓட்டி:

லேத் அண்ணா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. கிளாம்பைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும் என்பது என் அனுபவம். ஹெட்டும் இரண்டு பிராக்கெட்டும் முதலில் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் இருக்கிற ஒன்றிரண்டு மில்லிமீட்டரைக் கிளாம்ப் ஜாயிண்ட் வாங்கிக்கொள்ளும். முதலிலேயே கிளாம்பை இறுக்கினால் பைப்பும் சைலன்சரும் ஒரே இரும்பாகிவிடும், அந்த மில்லிமீட்டர் போக இடம் இருக்காது.

பிரேக் பெடல் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன். டிரம் பிரேக்கில் உள்ளே உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூ தேயத் தேய பெடல் இன்னும் கீழே இறங்கினால்தான் பிரேக் பிடிக்கும். இன்று முழுசாக மிதித்தால்தான் முட்டுகிறது என்றால், ஷூ இன்னும் கொஞ்சம் தேய்ந்த பிறகு பிரேக் பிடிக்க ஆரம்பிக்கும் முன்பே பெடல் பைப்பில் போய் நின்றுவிடும். காலில் கெட்டியாகத் தட்டும், பிரேக் பிடித்துவிட்டது என்று கால் நம்பும், வண்டி நிற்காது. கொடைக்கானல் இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சோதிக்கும் வழி: வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின் பிரேக் அட்ஜஸ்டர் நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு, பெடலைக் கையால் கடைசிவரை அழுத்துங்கள். அந்த நிலையிலும் பெடலுக்கும் பைப்புக்கும் நடுவே விரல் நுழைய வேண்டும். பார்த்த பிறகு அட்ஜஸ்டரைப் பழையபடி இறுக்க மறக்காதீர்கள். சிலர் பெடல் ஸ்டாப்பரை ஏற்றிவைத்து இதைச் சமாளிப்பார்கள். அப்படிச் செய்தால் பெடல் ஃபுட்ரெஸ்ட்டை விட உயரமாகி, கால் எப்போதும் பெடல் மேலேயே ஓய்வெடுக்கும், ஷூ உரசிச் சூடாகிக்கொண்டே இருக்கும். பைப்பை நகர்த்துங்கள், பெடலைத் தொடாதீர்கள். பிரேக் லைட் சுவிட்ச் ஒயர் பைப் ஓரமாகப் போகிறதா என்றும் ஒரு முறை பாருங்கள்.

"டங்" சத்தத்துக்கு: மெயின் ஸ்டாண்டில் போட்டு, இரண்டு ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டையும் கழற்றிவிட்டு, பின் சக்கரத்தை ஒருவர் கையால் மெதுவாக மேலே தூக்கட்டும். இன்னொருவர் கீழே குனிந்து, ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை), ஆக்சிலின் வலது முனை இரண்டும் சைலன்சருக்கும் அதன் பிராக்கெட்டுக்கும் எவ்வளவு பக்கத்தில் வருகின்றன என்று பார்க்கட்டும். சந்தேகமான இடத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒரு உருண்டை ஒட்டிவிட்டுத் தூக்குங்கள், எங்கே எவ்வளவு நசுங்குகிறதோ அதுதான் அங்கே இருக்கிற இடைவெளி. இன்னொன்று, பஞ்சர் என்றால் சைலன்சரைக் கழற்றாமல் பின் ஆக்சிலை உருவ முடிகிறதா என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள், நடுக்காட்டில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம்.

பீளமேடு_லேத்:

கிளாம்ப் விஷயத்தில் ஒரகடம் தம்பி சொல்வதும் சரிதான். எல்லா போல்ட்டும் கையால் ஏறியிருந்தால் எது கடைசியானாலும் கெடுதல் இல்லை. வெளிப் பைப் போட்ட வண்டிக்கு அவர் சொன்ன வரிசையையே வைத்துக்கொள்ளுங்கள்.

சேலம்_கிக்கர்:

எதற்கு இவ்வளவு தலைவலி? பழைய பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நீளமான ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் செட்டாக வாங்கினால் பெண்ட் பைப், பிராக்கெட் எல்லாம் சேர்ந்தே வரும். சவுண்டும் அள்ளும்.

ஒரகடம்_ஓட்டி:

சேலம் நண்பரே, செட்டாக வருவதும் பொருந்தாமல் வருவது உண்டு, நிறைய பார்த்திருக்கிறேன். அது போக, 175 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குத் தயாரிப்பு நிலையிலேயே 80 டெசிபல்தான் அனுமதி. சத்தத்துக்காக சைலன்சர் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்சும் மூன்று மாதம் போகும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில் எல்லாரும் குடியிருக்கிறோம். அவர் கேட்டது வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர, அதற்கே பதில் சொல்வோம்.

திண்டுக்கல்_கிளாசிக்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாயிற்று. மதுரை ப்ரோ சொன்னது அப்படியே உண்மை, போர்ட்டுக்குள் பழைய ரிங் இருந்தது. கரி படிந்து கருப்பாக ஹெட் விளிம்பு போலவே இருந்தது, நகத்தால் சுரண்டியபோதுதான் செம்பு நிறம் எட்டிப் பார்த்தது. கழற்றிப் பார்த்தால் மேல் பக்கம் தடிமனாகவும் கீழ்ப் பக்கம் காகிதம் போலவும் நசுங்கியிருக்கிறது. பின் போல்ட்டைக் கழற்றியபோது சைலன்சர் வெளிப்பக்கமாகவும் மேல்பக்கமாகவும் துள்ளியது.

ஒரே ஒரு புது ரிங் வைத்துக் கையால் மாட்டியதும் மேல் கீழ் வித்தியாசம் போய்விட்டது. பக்கவாட்டில் மட்டும் 6 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கிறது, ஸ்பேசர் கடையக் கொடுத்திருக்கிறேன். பெடல் சோதனையும் செய்தேன், அட்ஜஸ்டரைத் தளர்த்திக் கடைசிவரை அழுத்தினாலும் இப்போது முட்டவில்லை. ஆனால் விரல் தாராளமாக நுழையாது, சுண்டுவிரல் நுனி மட்டும் போகிறது. சக்கரத்தைத் தூக்கிப் பார்த்ததில் சைலன்சர் பிராக்கெட்டின் உள்பக்க மூலை ஸ்விங் ஆர்மில் உரசிய தடம் பளபளவென்று தெரிகிறது, களிமண் அங்கே முழுசாக நசுங்கிவிட்டது.

இப்போது புதுப் பிரச்சினை. ஹெட்டில் கீழ் ஸ்டட் நட்டோடு சேர்ந்தே சுற்றிக் கழன்று வந்துவிட்டது, ஸ்டட் மரை கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, ஹெட்டுக்குள் இருக்கும் மரை எப்படி இருக்கிறதென்று சொல்லத் தெரியவில்லை. அதையே திரும்பப் போடலாமா?

பீளமேடு_லேத்:

அதையே போடாதீர்கள் தம்பி. நெம்பி மாட்டியதில் அந்த ஸ்டட்தான் இழுவை முழுக்கத் தாங்கியிருக்கும், மரையும் கொஞ்சம் நீண்டிருக்கும். புது ஸ்டட்டையே ஹெட்டில் கையால் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் கடைசிவரை போனால் ஹெட் மரை நல்லாயிருக்கிறது. பாதியிலேயே லொடலொடவென்று ஆடினால் ஹெட்டில் இன்சர்ட் போட வேண்டும். கம்பிச்சுருள் மாதிரி இருக்கும், மரை வெட்டி உள்ளே ஏற்றிவிட்டால் பழைய மரையை விட உறுதியாகவே நிற்கும். பேஸ்ட் வைத்து ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சூட்டில் எதுவும் நிற்காது. நட்டும் புதுசு போடுங்கள், ஏற்றும் முன் மரையில் காப்பர் கிரீஸ் லேசாகத் தடவுங்கள், அடுத்த முறை ஸ்டட்டோடு சேர்ந்து வராது.

பிராக்கெட் மூலையைப் பயப்படாமல் கிரைண்டரில் உருட்டிவிடலாம், ஓட்டையைச் சுற்றி 10 மில்லிமீட்டர் தகடு மிச்சம் இருந்தால் போதும். ஆனால் 6 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டபின் சைலன்சர் அந்த அளவு வெளியே தள்ளியே நிற்கும், அதனால் ஸ்பேசரை மாட்டிவிட்டு மறுபடியும் களிமண் வைத்துப் பாருங்கள். தேய்க்கும் வேலையே இல்லாமல் போகலாம். பெடல் பக்கம் சுண்டுவிரல் நுனி போகிறது என்றால் குளிர்ந்தபோது பரவாயில்லை. வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, பைப் சூடாக இருக்கும்போதே பெடலை அழுத்தி இன்னொரு முறை பாருங்கள், கையில் கனமான கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்போதும் முட்டாமல் இருந்தால் ஓட்டலாம். நெருக்கமாகத் தெரிந்தால் நடு பிராக்கெட் ஓட்டையை மேல்பக்கம் 2 மில்லிமீட்டர் அரம் போட்டுப் பைப்பை இறக்குங்கள், அதற்குமேல் இறக்கினால் வேகத்தடையில் தட்டும்.

திண்டுக்கல்_கிளாசிக்:

ஸ்டட், நட் புதுசு போட்டாயிற்று அண்ணா, ஹெட் மரை நல்லாயிருந்தது. ஸ்பேசர் போட்டபின் பிராக்கெட் மூலைக்கும் ஸ்விங் ஆர்முக்கும் களிமண்ணில் அளந்தால் 7 மில்லிமீட்டர் கிடைக்கிறது, கிரைண்டர் தேவைப்படவில்லை. நடு பிராக்கெட்டை மட்டும் நீங்கள் சொன்னபடி 2 மில்லிமீட்டர் இறக்கினேன், சூட்டிலும் பெடல் படவில்லை. டிக் டிக் சத்தம் போய்விட்டது. இறக்கத்தில் பட் பட் மட்டும் எப்போதாவது ஒன்று வருகிறது, முன்பு போல இல்லை.

பீளமேடு_லேத்:

அந்த ஒன்றிரண்டு கிளாம்ப் ஜாயிண்ட்டில் காற்று உள்ளே இழுப்பதால் வரலாம். காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடனே சோப்புத் தண்ணீரை ஜாயிண்ட்டில் தடவிப் பாருங்கள், ஒழுகினால் நுரை கிளம்பும். பைப் சூடேறிவிட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், எதுவும் தெரியாது. நுரை வந்தால் ஜாயிண்ட்டைக் கழற்றி பழைய சைலன்சர் வாயின் உள்பக்கத் துருவை உப்புத்தாள் போட்டுச் சுத்தம் பண்ணி, புது கிளாம்ப் போடுங்கள். நுரை வரவில்லை என்றால் ஜாயிண்ட் நல்லாயிருக்கிறது, கார்புரேட்டரில் ஐட்லிங் மிக்ஸ்சர் (காற்று, பெட்ரோல் கலவை) மெலிசாக, அதாவது பெட்ரோல் குறைவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பிளக் வெளுத்திருந்தால் அதுதான். எப்படியானாலும் நாலைந்து தடவை நன்றாகச் சூடாகிக் குளிர்ந்த பிறகு ஹெட் நட் இரண்டையும் ஸ்பானர் வைத்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். புது ரிங் அமுங்கியிருக்கும், கால் சுற்று இறங்கும்.